ஒரு குச்சிகூட வெளியே போகாத காடு

நான் வேலை பார்க்கும் இடத்துக்குள் உயிருள்ள ஓர் இலையைக்கூடக் கொண்டுபோகக் கூடாது. ஜெர்மனியின் வடக்கே ஓர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நான் பல்லுயிர்க் காப்பாளர். உலர்த்தி, அழுத்தி, தாளில் ஒட்டிய செடிகள் அங்கே அலமாரி அலமாரியாக இருக்கின்றன. வெளியிலிருந்து நாலு பூச்சி வந்தால் போதும், அத்தனையும் தூளாகிவிடும். அதனால் வாசலிலேயே பையைத் திறந்து காட்ட வேண்டும். போன வாரம் என் பையில் ஆசியக் கடையில் வாங்கிய கறிவேப்பிலைக் கொத்து இருந்தது. காவலர் அதை இரண்டு விரலால் தூக்கி, எந்த ஆய்வுக்கு என்று கேட்டார். சாம்பாருக்கு என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்துத் தருகிறேன், பிறகு தாராளமாக உள்ளே கொண்டுபோகலாம் என்று அன்பாகச் சொன்னார். அன்று என் வீட்டில் சாம்பார் கறிவேப்பிலை இல்லாமல்தான் கொதித்தது.

இதற்கெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை. இதைவிடக் கறாரான சட்டத்தில் வளர்ந்தவள் நான். கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் அய்யனாருக்கு ஒரு காடு உண்டு. வீரை, காசான், உசிலை, காட்டு எலுமிச்சை என்று உச்சி வெயில் தரையில் விழாத காடு. சுற்றிலும் தைலமரம் நட்டு நிலத்தடி நீரை உறிஞ்சிய பிறகும் அது மட்டும் பச்சையாக நின்றது. கஜா புயலில் ஊர்த் தென்னையெல்லாம் சாய்ந்தபோதும் நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம். வரும்போது கையில் ஒரு குச்சிகூட இருக்கக் கூடாது. விறகுக்கு அலைந்த காலத்திலும் எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் அங்கே ஒரு சுள்ளி பொறுக்கியதில்லை.

போன வருஷம் விடுமுறைக்குக் கிளம்பும்போது என் துறைத்தலைவி ஹெல்கா, அந்தக் காட்டிலிருந்து செடி மாதிரிகள் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். அரசாங்க அனுமதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஊருக்குப் போய் முருகேசன் அண்ணனிடம் கேட்டேன். பெரியப்பா மகன், சிங்கப்பூரில் இருபது வருஷம் உழைத்துத் திரும்பி இப்போது கோயில் கமிட்டித் தலைவர். "சாமி மரத்த ஒடிச்சுக் கொண்டுபோய் அட்டையில ஒட்டுவியாத்தா? ஒரு எலை வெளிய போகக்கூடாது. நீ படிச்ச புள்ளன்னாலும் அதேதான்," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வெறுங்கையோடு திரும்பி, அனுமதி கிடைக்கவில்லை என்றேன். எந்த அலுவலகம் மறுத்தது என்று ஹெல்கா கேட்டார். அய்யனார் என்றேன். அவருக்கு மின்னஞ்சல் அனுப்பலாமா என்று கேட்டார். ஒரு கடவுளுக்கு முகவரி கேட்கிறார்களே என்று வீட்டுக்கு வந்து சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு இந்தச் சித்திரையில் போயிற்று. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களே, உங்கள் வாட்ஸ்அப் குழுவில்தான் ஒரு காணொளி வந்தது. அய்யனார் காட்டுக்குள் ஜேசிபி நிற்கிறது. கும்பாபிஷேகத்துக்குக் கார் பார்க்கிங், தரைக்கு இன்டர்லாக் கல், ஒரு வரவேற்பு வளைவு. எல்லாம் துபாயிலும் குவைத்திலும் சிங்கப்பூரிலும் வெயிலில் நின்று சம்பாதித்து நீங்கள் அனுப்பிய பணம். மரம் வேரோடு சாயும் அந்தக் காணொளிக்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைப் பொம்மைகளைப் போட்டிருந்தீர்கள். ஒருவருக்காவது வயிறு எரியவில்லையா?

முருகேசன் அண்ணனை அழைத்தேன்.

"என்னண்ணே, ஒரு எலை வெளிய போகக்கூடாதுன்னீங்க?"

"நாம எங்கத்தா எடுத்தோம்? ஜேசிபிக்காரன் சேலத்துக்காரன். வெட்டுன மரத்த ஒருத்தன் வீட்டுக்குக் கொண்டுபோகல. அங்கிட்டு அப்படியே குமிச்சுக் கெடக்கு. சாமி குத்தம் வராம பாத்துத்தான் செய்யிறோம்."

என் வாழ்க்கையில் இப்படி ஒரு நியாயத்தைக் கேட்டதில்லை. ஒரு சுள்ளியை எடுத்தால் குற்றம், மொத்தக் காட்டையும் அயலூர்க்காரன் கையால் சாய்த்தால் புண்ணியமா? சாமியை என்ன, வெளியூர்க்காரன் பேரைச் சொன்னால் நம்பிவிடும் ஆள் என்றா நினைத்தார்கள்? போனிலேயே கத்தினேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இன்னும் பின்பக்கம் பாதி நிக்கிதுத்தா. திங்கக்கெழமதான் அங்கிட்டு வண்டி போகும். ஒங்க மியூசியத்துலேருந்து, இது முக்கியமான காடுன்னு ஒரு லெட்டர் வாங்கிக் குடு. கமிட்டியில காட்டுறேன். நீ சொன்னா எவனும் கேக்கமாட்டான், வெள்ளக்காரன் சொன்னா கேப்பான்."

அதுவும் சுட்டது. ஆனாலும் காடு நிற்க வேண்டுமே என்று ஹெல்காவிடம் ஓடினேன். அவர் நல்லவர், முழுதாகக் கேட்டார். பிறகு, அந்தக் காட்டிலிருந்து நம்மிடம் எந்தச் செடியின் மாதிரி இருக்கிறது என்றார். ஒன்றும் இல்லை. மாதிரி இல்லாத இடத்தைப் பற்றி அருங்காட்சியகம் எதுவும் எழுதித் தர முடியாது, வருந்துகிறேன் என்றார். பறித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்கிறது இந்த ஊர். பறிக்காதே என்று சொன்ன ஊர் தானே வெட்டுகிறது. இரண்டு ஊரின் சட்டத்தையும் ஒழுங்காக மதித்தவள் நான் ஒருத்திதான், என் கையில்தான் ஒன்றும் இல்லை.

கடைசியாக உங்கள் குழுவிலேயே எழுதினேன். பின்பக்கத்தையாவது விடுங்கள், காரைக் கண்மாய்க்கரையில் நிறுத்தலாம் என்று கெஞ்சினேன். குவைத்திலிருந்து ஒரு தம்பி பதில் போட்டார்: "அக்கா, வெளிநாட்டுல ஏசியில உக்காந்துக்கிட்டு ஊருக்கு யோசனை சொல்லாதீங்க. ஊர்ல இருக்குறவங்க பாத்துக்குவாங்க." அவர் ஊரைப் பார்த்தே நாலு வருஷம் ஆகிறது. அதற்கும் கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. திங்கட்கிழமை வண்டி பின்பக்கமும் போனது.

கும்பாபிஷேகம் முடிந்ததும் அண்ணன் ஒரு படம் அனுப்பினார். நான் கோபமாக இருப்பேன் என்று சமாதானத்துக்காகத்தான். பளபளவென்ற கருங்கல்லில் உபயதாரர் பெயர்கள். ஊர் ஒன்றுதான் என்பதால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் நாட்டின் பெயர். நடுவில் என் பெயர், பக்கத்தில் ஜெர்மனி. நான் ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை.

உடனே அழைத்தேன். "எம் பேர எதுக்குண்ணே போட்டீங்க? மொதல்ல அத எடுங்க."

"நம்ம ஊட்டுப் புள்ள பேரு இல்லாட்டி நல்லாருக்குமாத்தா? காடுன்னா ஒனக்கு உசுருன்னு தெரியும். அதான் பின்பக்கம், அந்தப் பெரிய வீரை மரம் நின்ன எடத்துலயே கல்ல நட்டுருக்கோம்."

"அழிச்சுருங்கண்ணே."

"கல்லுல வெட்டுனதுத்தா," என்றார் அண்ணன், குழந்தைக்குச் சொல்வதுபோல. "அத எப்புடி அழிக்கிறது?"