தார்பாய்க்குள் ஓடிய ஜெனரேட்டர்

குடும்பத்தின் முதல் டிகிரியோடு நான் கரமனையில் ஒரு டூர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த வாரம்தான் உச்சிமாகாளியைச் சந்திக்க வாய்த்தது. விருந்தாளிகள் தங்கிக்கொள்ள, ஜீப்பில் பூட்டி இழுக்கும் கேரவனுக்கு அவர்தான் கரண்ட் பார்ப்பவர். அதற்குள்ளே இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது.

"பிஎஸ்ஸி பிசிக்ஸாமே தம்பி! இது எதுக்குக் கத்துதுன்னு சொல்லும் பாப்போம்."

நான் குனிந்து இன்வெர்ட்டரைப் பார்த்தேன்.

"பேட்டரி பசிக்கு அழுது. இதெல்லாம் உங்க புஸ்தகத்துல கெடயாது, என்ன?"

கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். இருபது வருடம் கடைத்தெருவிலும் கோயில் கொடைத் திருவிழாக்களிலும் ஜெனரேட்டர் ஓட்டியவர். ஆள் நனையலாம், மெஷின் நனையக் கூடாது. தொழிலை அப்படித்தான் படித்திருந்தார். தூறல் விழுந்தால் தார்பாயை இழுத்துக் கட்டிவிடுவார். திறந்த தெருவில் புகை தன்பாட்டுக்குப் போய்விடும். அதை அவர் யோசிக்க வேண்டி வந்ததே இல்லை.

போன ஜூலையில் கேரவன் போனக்காடு என்ற தேயிலை மலைக்குப் போனது. வந்திருந்த விருந்தாளிகள் காலையிலேயே இன்டக்ஷன் அடுப்பைப் போட்டு பேட்டரியைக் காலி செய்துவிட்டு, குடையோடு தேயிலைத் தோட்டம் பார்க்கக் கிளம்பினார்கள். மேகமூட்டத்தில் கூரைமேல் சோலாரும் உதவவில்லை. அவர்கள் திரும்புவதற்குள் பேட்டரி ஏற வேண்டும். எப்போதும் இருபதடி தள்ளி வைக்கும் ஜெனரேட்டரை, மழைக்குப் பயந்து கேரவனுக்கு அடியில் தள்ளி, சுற்றிலும் தார்பாய் கட்டினார் உச்சிமாகாளி.

ஜீப் டிரைவர் நேசையன் கேரவனுக்குள் உறங்கப் போகுமுன் எட்டிப் பார்த்தார். "பொண்டாட்டியக்கூட நீரு இப்பிடிப் போத்தி வச்சிருக்க மாட்டீரே அண்ணாச்சி!"

"போய்ப் படும்வே. அட்டை ஏறீரும், கதவை அடச்சுக்கிடும்."

கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் மறுபடி நேசையனின் தலை. "பொகை மணம் அடிக்குது அண்ணாச்சி."

"வெளிய இருந்துதான வருது? ஜன்னலயும் சாத்தும்."

நேசையன் சாத்தினார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, சாயாவோடு போய்க் கதவைத் தட்டினார் உச்சிமாகாளி. சத்தமில்லை. திறந்தால் உள்ளே புகை. வயர் கொண்டுபோகக் கேரவன் தரையில் அவரே போட்டிருந்த துளை வழியாக ஏறி நிறைந்திருந்தது. நேசையனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தோளில் அள்ளி ஜீப்பில் கிடத்தினார். சாவி இருந்தது, அவருக்கு ஓட்டத் தெரியாது. தெரிந்தவர் பின்சீட்டில் கிடந்தார். மழையில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஓடி, ஜீப் ஓட்டத் தெரிந்த ஒருவரைக் கூட்டிவர அரைமணி ஆயிற்று. ஆஸ்பத்திரிக்காக விதுரைக்கு இறங்கும் வளைவுகளில் அந்த மூச்சும் நின்றுபோனது.

போலீஸ் விபத்து என்று எழுதிக்கொண்டது. "ஜன்னல் காரியம் யார்ட்டயும் பறைய வேண்டாம், கேட்டீரா?" என்றார், உச்சிமாகாளியிடம் எல்லாம் கேட்டறிந்த முதலாளி.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், நேசையனின் மனைவி லீலாபாய் கேட்டாள்: "அவிய கடைசியா என்ன சொன்னாவ அண்ணாச்சி?"

உச்சிமாகாளி சொன்னார்: "பொகை மணம் வருதுன்னு சொன்னாரு தாயி. ஜன்னல சாத்தச் சொன்னவன் நாந்தான்."

அவள் எழுந்து உள்ளே போனாள். வெகுநேரம் ஆகியும் வெளியே வரவில்லை. மறுநாள் அவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அதையே சொன்னார்.

இப்போது உச்சிமாகாளி அவர்மேல் போட்ட வழக்கில் ஜாமீனில் இருக்கிறார். வலியசாலையில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறார். மாதம் ஒருமுறை பஸ் ஏறிக் கோர்ட்டுக்குப் போய்வருகிறார்.