நீலக் கட்சிக்காரனும் சிவப்புக் கட்சிக்காரியும்

ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் "எந்த ஊரு?" என்று கேட்பார்கள். மும்பை லோக்கல் ரயிலில் நமக்கு முன்னால் நிற்கிறவர் குனிந்து "கிதர் உதர்னா?" என்று கேட்பார். எங்கே இறங்குவாய் என்று அர்த்தம். நாம் எழுந்ததும் அவர் அந்த இடத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் விஷயம். வந்த புதிதில் இது எனக்குப் புரியவில்லை. மனுஷன் எவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்து, வாஷியில் இறங்குவேன், அங்கே கப்பல் சரக்குக்குக் காகிதம் தயார் பண்ணும் ஆபீசில் வேலை, சுனாபட்டியில் ரெண்டு பேரோடு ஒரே ரூமில் இருக்கிறேன், சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் மூச்சுவிடாமல் சொல்லுவேன். அவர் "வாஷி" என்கிற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அவ்வளவு தூரமா என்று முகத்தைச் சுளித்து அடுத்த ஆளிடம் போய்விடுவார். இன்னொரு நாள் ஒருவர் என் டீ-ஷர்ட்டையே உற்றுப் பார்த்தார். முடியைக் குத்துக்குத்தாக நிறுத்திக்கொண்ட ஜப்பானிய வீடியோ கேம் நாயகன் ஒருவன் அதில் இருந்தான். "சவுத் கா ஹீரோ ஹை க்யா?" என்றார், தென்னிந்திய சினிமா நடிகனா என்று. இல்லை, ஜப்பான் என்றேன். "வஹி தோ, சவுத்", அதைத்தானே சொன்னேன் என்று தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். இப்படி ஆறு வருஷம் ஓடிவிட்டது.

அந்த நாயகனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என் வாழ்க்கை நாசமாய்ப் போனதில் அவனுக்கும் பங்கு உண்டு. ஜப்பான்காரர்கள் செய்யும் ரோல்-பிளேயிங் விளையாட்டு என்று ஒரு வகை. சுட்டுத் தள்ளிவிட்டுப் போகிற விளையாட்டு இல்லை. நாலைந்து பேரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும், வழியில் பார்க்கிறவர்களோடு பேச வேண்டும், சண்டை வந்தால் நம் முறை வரும்வரை காத்திருந்து அடிக்க வேண்டும். ஒரு கதை முடிய எண்பது மணி நேரம்கூட ஆகும். முடியும்போது வீட்டு ஆட்களைப் பிரிகிற மாதிரி இருக்கும். இதை விளையாட இரண்டு கம்பெனிகளின் பெட்டிகள் உண்டு. கம்பெனிப் பெயரெல்லாம் நாங்கள் சொல்ல மாட்டோம். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. நீலம் டிவியோடு சேர்ந்தது. சிவப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போகலாம். சில கதைகள் நீலத்தில் மட்டும் வரும், சில சிவப்பில் மட்டும். இரண்டையும் வாங்க நம்மால் முடியாது. அதனால் ஒன்றை வாங்கிவிட்டு, மற்றது குப்பை என்று ஆயுசு பூராவும் நிரூபித்துக்கொண்டே இருப்போம்.

எங்கள் தெருவுக்கு நீலப் பெட்டி வந்தது சார்ஜாவில் இருந்த மாமா மூலமாக. தெரு பூராவுக்கும் அது ஒன்றுதான். நாங்கள் ஐந்து பேர் முறை வைத்து விளையாடினோம். சிவப்பைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அதை அப்படித் திட்டுவோம், பார்க்காத பொருளைத் திட்டுவதில் ஒரு தனி சுகம் இருந்தது. பிறகு ஐந்து பேரும் ஐந்து திசைக்குப் போனோம். நான் மும்பைக்கு வந்தபோது துணிமணிக்கு நடுவில் சொந்த நீலப் பெட்டி ஒன்றும் இருந்தது. வாட்ஸப்பில் "நீலக் கோட்டை" என்று ஒரு குழு. திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள், பாதிப் பேர் வளைகுடாவில், சிலர் சிங்கப்பூரில். பெரும்பாலும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. அதில் சத்தம் அதிகம் பாளையங்கோட்டை இசக்கி அண்ணாச்சியுடையது. மோட்டாருக்குக் காயில் கம்பி கட்டும் கடை வைத்திருக்கிறார். தினமும் மத்தியானம் அவர் குரல் வரும்: "ஏல மும்பை, சாப்ட்டியால?" இந்த ஊரில் என்னை அப்படிக் கேட்க ஒரு நாதி கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கேள்விக்காகத்தான் நான் அந்தக் கட்சியில் இருந்தேன். பெட்டி எல்லாம் அப்புறம்தான்.

வித்யாவைப் பார்த்தது செம்பூரில், பழைய கேம் வாங்கி விற்கும் கடையில். நான் போனில் அண்ணாச்சியிடம் பேசிக்கொண்டே டிஸ்க்கைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவள், பேசி முடிக்கும்வரை காத்திருந்து, "நீங்க தமிழா? இது எந்த ஊர்த் தமிழ்? நன்னா சண்டை போடற மாதிரி இருக்கே" என்றாள். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம், வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. தமிழ் பேசுவாள், படிக்க வராது. ஒரு வாக்கியத்தில் பாலக்காடும் பம்பாய் இந்தியும் இங்கிலீஷும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கையில் சிவப்புப் பெட்டி. "உன் பெட்டி கட்டிப் போட்ட மாடுடா. என்னோடது கூடவே வரும்" என்பாள். "பொம்மைப் பெட்டிக்கு வாயப் பாரு" என்பேன். இப்படித்தான் காதலித்தோம், கேட்டால் சிரிப்பீர்கள். அந்தச் சிவப்பு அவளுக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்திருந்தபோது அவள் அப்பா வாங்கித் தந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் யார் வந்தாலும் "இவன் நல்லவனா, கெட்டவனா?" என்று கேட்பாராம். ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனவர், ஆபீசிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். இதையெல்லாம் அவள் எனக்குச் சொல்லியிருந்தாள். எனக்குத் தெரியும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

"உன்னோட பேசிப் பேசித்தான் என் தமிழ் பொழைச்சிண்டிருக்கு" என்பாள். வெளியில் எல்லோரிடமும் இந்தி, அம்மாவிடம் பாதி பாதி, என்னிடம் மட்டும் முழுக்கத் தமிழ். அவளாக எடுத்த முடிவு அது. வார்த்தை கிடைக்காமல் நடுவில் நின்று, "மத்லப்... மத்லப்..." என்று கையை ஆட்டுவாள், இந்தியில் அதாவது என்று அர்த்தம். நான் எடுத்துக் கொடுப்பேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இந்த ஊரில் இருந்ததில்லை.

பிறகு அது நடந்தது. நான் குழுவில் போட்ட ஒரு சாப்பாட்டுப் படத்தின் ஓரத்தில் அவளுடைய சிவப்புப் பெட்டி விழுந்திருந்தது. பிடித்துக்கொண்டார்கள். "மும்பைக்காரன் கட்சி மாறிட்டான்" என்று ஆரம்பித்தது. "அந்த ஊருத் தண்ணி அப்படி" என்றார் ஒருவர். சார்ஜாக்காரர் ஒருவர், "போற போக்கப் பாத்தா நம்ம பேச்சும் மறந்துரும்" என்று எழுதினார். விளையாட்டுக்குத்தான். ஆனால் இரண்டு நாளாக அண்ணாச்சி என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. வாஷியிலிருந்து வரும் ரயிலில் நின்றுகொண்டே அந்தக் குழுவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மத்தியானம்தான் வித்யா எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். சிவப்பில் மட்டும் வந்த ஒரு கதையில், முதல் ஊரிலிருந்தே கூட வரும் ஒரு வயசாளி, பாதியில் ஒன்றும் சொல்லாமல் கூட்டத்தைவிட்டுப் போய்விடுகிறான். அவன் இருந்த இடம் காலியாகவே கிடக்கிறது. அதைப் பார்த்து அழுதுகொண்டே பேசியிருந்தாள். "அவன் போயிட்டான்டா. மத்லப், அப்படியே போயிட்டான். ஒரு பை கூடச் சொல்லலை, கேட்டயா." மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு இரண்டு மூன்று வார்த்தை: "எங்க அப்பா மாதிரியே."

அதைத்தான் குழுவில் போட்டேன். "சிவப்புக் கட்சிக்காரங்க கெதியப் பாருங்கவே" என்று மேலே எழுதி அனுப்பினேன். யார் என்று சொல்லவில்லை. அப்பா வருகிற அந்தக் கடைசித் துண்டை மட்டும் வெட்டிவிட்டுத்தான் அனுப்பினேன். வெட்டத் தெரிந்த எனக்கு அனுப்பாமல் இருக்கத் தெரியவில்லை. சிரிப்புப் பொம்மைகள் கொட்டின. சிவப்பை யாரும் கேலி செய்யவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. எல்லோரும் சிரித்தது அவள் தமிழைப் பார்த்து. இது தமிழா மலையாளமா என்றார்கள். நோயாளித் தமிழ் என்றார்கள். இசக்கி அண்ணாச்சி அதே மாதிரி இழுத்துப் பேசி ஒரு குரல் செய்தி போட்டார், கூடவே, "ஏல மும்பை, நீ நம்ம ஆளுதாம்ல. சாப்ட்டியா?" என்றார். செம்பூர் தாண்டும்வரை நான் சிரித்துக்கொண்டே வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

யாரோ அதற்கு மியூசிக் சேர்த்து வெளியே விட்டார்கள். சுற்றிச் சுற்றி அது சிவப்புக் கட்சியின் மும்பைக் குழுவுக்கே வந்து, அவள் சிநேகிதி ஒருத்தி "இது உன் குரல்தானே?" என்று அவளுக்கே அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டுங்காவில் நாங்கள் வழக்கமாக இட்லி சாப்பிடும் கடைக்கு வரச் சொன்னாள். சண்டை போடுவாள் என்று நினைத்துப் போனேன். அவள் போனை என் பக்கம் நகர்த்தினாள். கிளிப்புக்குக் கீழே வரிசையாகத் தமிழில் கமெண்டுகள்.

"எனக்குப் படிக்க வராதே. நீ படிச்சுச் சொல்லு" என்றாள்.

நான் போனைக் கையில் எடுத்தேன். "சும்மா... நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க" என்றேன்.

"தமிழ்தான்டா படிக்கத் தெரியாது. சிரிக்கற பொம்மை தெரியும்."

இட்லி வந்தது. யாரும் தொடவில்லை. சட்னி வாளியோடு வந்த சர்வர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "டண்டா ஹோ கயா க்யா? கரம் லாவூங்?" என்று கேட்டார். இட்லி ஆறிப்போனதால் கோபித்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துவிட்டார் பாவம். அவர் போனதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என் தமிழ் அவ்ளோ மோசமா?" அதில் கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் இல்லை இல்லை என்று என்னென்னவோ உளறினேன். "அப்பாவை மட்டும் வெட்டியிருக்கே. தேங்க்ஸ்" என்றாள். தன் கண் முன்னாலேயே அந்தச் செய்தியை என் போனிலிருந்து அழிக்கச் சொன்னாள். அவள் எனக்கு அனுப்பியிருந்த குரல் செய்திகள் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னாள். அழித்தேன். அவள் எழுந்து போனாள்.

குழுவைவிட்டு அன்றைக்கே விலகினேன். விலகினால் என்ன, போனது வந்துவிடுமா? நீலப் பெட்டியை அதே செம்பூர்க் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஷாதி ஹோ ரஹி ஹை க்யா?" என்று சிரித்தார். கல்யாணம் ஆகப்போகிறவர்கள்தான் இப்படிக் கொண்டுவந்து விற்பார்களாம். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பதிலுக்குச் சிவப்பு ஒன்று வாங்கி, அவள் அழுத அந்தக் கதையை முதலிலிருந்து தொடங்கினேன். என் நீலத்தில் சேர்த்து வைத்த எதுவும் அதில் வராது. அந்த வயசாளி போகிற இடம் கோவண்டி ஸ்டேஷனில் வந்தது. ரயில் கூட்டத்துக்கு நடுவில் நின்று அழுதேன். முன்னால் இருந்தவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். அன்றைக்கே அவளுக்குத் தமிழில் பேசி ஒரு குரல் செய்தி அனுப்பினேன். அந்த வயசாளி போவதைப் பார்த்துவிட்டேன், நான் செய்தது பெரிய தப்பு, இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பு என்று அழுதுகொண்டே சொன்னேன். மறுநாள் எழுத்தில் பதில் வந்தது, இங்கிலீஷ் எழுத்தில் இந்தி. "டீக் ஹை. அப்னா கயால் ரக்னா." பரவாயில்லை, உடம்பைப் பார்த்துக்கொள். ஆட்டோக்காரரிடமும் கூரியர்காரரிடமும் பேசுகிற இந்தி. என்னிடம் அவள் ஒருநாளும் இந்தியில் பேசியதில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அண்ணாச்சியை நாலு கேள்வி கேட்காமல் மும்பைக்குத் திரும்புவதில்லை என்று முடிவு செய்து, காலையிலேயே பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். வீட்டைக் கண்டுபிடித்துப் பெயரைச் சொன்னதுதான் தாமதம், "ஏல மும்பை!" என்று ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் நினைத்ததைவிடக் குட்டையான, வெள்ளந்தியான மனுஷன். ஏன் குழுவைவிட்டுப் போனாய், கோவமா, யாரு என்ன சொன்னா என்று கேட்டுக்கொண்டே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மதினி தோசை சுட்டுக் கொண்டுவந்து வைத்தார். சாப்பிடாமல் பேச முடியாது என்றார்கள். சாப்பிட்டுக்கொண்டே எப்படிச் சண்டை போடுவது? அண்ணாச்சி புதுக் கதையைக் காட்டுகிறேன் என்று டிவியைப் போட்டார். பாதிச் சண்டையில் கரண்ட் போய்விட்டது. திரை அணைந்தது.

உள்ளே அடுப்படியிலிருந்து வித்யா பேசினாள்.

"அவன் போயிட்டான்டா. மத்லப், அப்படியே போயிட்டான். ஒரு பை கூடச் சொல்லலை, கேட்டயா."

தோசையோடு என் கை அப்படியே நின்றுவிட்டது. மதினி சிரித்துக்கொண்டே நிலைப்படிக்கு வந்தார். அண்ணாச்சியும் சிரித்தார். "எங்க வீட்ல இப்ப இதாம்ல. பால் பொங்கிட்டாலும் இதாம், பஸ்ஸ விட்டாலும் இதாம். ஒன் மதினி என்னியவிட அச்சா சொல்லுவா" என்றார். அச்சுதான். அந்த இழுப்பு, அந்த மூக்கடைப்பு, 'மத்லப்'புக்குப் பிறகு மூச்சு வாங்குகிற இடம் எல்லாம் அப்படியே இருந்தது. என் போனில் இப்போது இல்லாத குரல். கேட்க வந்த நாலு கேள்வியும் எனக்கு மறந்துபோயிற்று.

"மதினி, இன்னொருக்கா சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். வெட்கப்படாமல், ஈரக் கையை ஆட்டி, இன்னும் நன்றாகவே சொன்னார். 'கேட்டயா'வில் நிறுத்தினார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதுக்குப் பொறவும் உண்டு, மதினி."

"இல்லையே தம்பி, அம்புட்டுத்தான இருந்துச்சு" என்றார் மதினி. அண்ணாச்சி சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏல, நீதானல அனுப்புன?"

"ஆமா அண்ணாச்சி" என்றேன். "நான்தான் அனுப்புனேன்."