தண்ணி நிக்கக்கூடாது

இன்னைக்கு மத்தியானம் ஆபீஸ்ல ஒரு வீடியோ கால்...

நான் வேலை பாக்கிறது மும்பை செம்பூர்ல, அவகாடோ (நம்ம பட்டர் ஃப்ரூட்) கன்னு விக்கிற ஒரு கம்பெனில. தமிழ்நாட்டு கஸ்டமர் எல்லாம் என் தலையில. (தாராவிக்காரனுக்கு தமிழ் நல்லா வரும்னு ஒரு நம்பிக்கை!)

கால் பண்ணது பாண்டி அண்ணன். கொடைக்கானல் கீழ்மலை. நாலு வருஷம் முன்ன காப்பிச் செடிய வெட்டிட்டு ரெண்டு ஏக்கர்லயும் எங்க கன்ன வச்சவர்.

"தம்பி, பட்டர் ஃப்ரூட்ட கொஞ்சம் பாருங்க. என்னமோ மாதிரி இருக்கு."

கேமராவ திருப்பினார்.

சுள்ளுனு வெயில். ஒரு மரத்துலயும் இலை இல்ல. காய் மட்டும் கொத்துக் கொத்தா தொங்குது.

ஒரு குருவிச் சத்தம் இல்ல. 'உஸ்ஸ்'னு ஒரே சத்தம்.

"அது என்ன சத்தம்ணே?"

"ஓஸ் தண்ணி தம்பி. ரெண்டு மாசமா ராப்பகலா ஓடுது. இலை வாட வாட கூட்டி விட்டேன்."

"யாருண்ணே அப்படி விடச் சொன்னா?"

"நல்லா கேட்டீங்க! ரெண்டு மாசம் முன்ன வாட்ஸ்அப்ல பராமரிப்பு கார்டு அனுப்புனது நீங்கதான? முத வரியே அதான. 'தண்ணி நிக்கக்கூடாது'!"

ஏசியிலயும் எனக்கு வேர்த்துருச்சு.

அந்த கார்டை எழுதினது நான்.

'பானீ ருக்னா நஹீ சாஹியே'ன்னு இந்தில குடுத்தாங்க. ஹார்பர் லைன் ட்ரெயின்ல தொங்கிட்டே தமிழ்ல மாத்தினேன். வேர்ல தண்ணி தேங்கக்கூடாது, தேங்கினா வேர் அழுகிரும். அதான் அர்த்தம்.

அவர் மோட்டார் நிக்கக்கூடாதுன்னு படிச்சிருக்கார்.

ரெண்டுக்கும் ஒரே வார்த்தை!

"ஒரு நிமிஷம்ணே"ன்னு கால அப்படியே விட்டுட்டு மேனேஜர் சார்கிட்ட ஓடினேன். அவர் தலையே தூக்கல. "அரே, கார்டை டிலீட் கர். கேட்டா க்ளைமேட்னு சொல்லு."

க்ளைமேட்டாம்! மண்ணு களிமண்ணா, மழை எவ்வளவுன்னு ஒரு வார்த்தை கேக்காம வித்தவன் ஏசி ரூம்ல. வாங்கினவனுக்கு க்ளைமேட்!

திரும்பி வந்து அண்ணன்கிட்ட உண்மைய சொன்னேன். தப்பு என்னுதுன்னும் சொன்னேன்.

திட்டுவார்னு பாத்தேன். போய் மோட்டார ஆஃப் பண்ணினார்.

உஸ்ஸ் நின்னுச்சு.

அப்புறம்தான் கேட்டுச்சு. தொப்.

கொஞ்சம் தள்ளி, தொப்.

"காயா விழுது?" அண்ணன் குரல் ரொம்ப சின்னதா வந்துச்சு. "தோட்டத்துல யாரோ நடக்குறாய்ங்கன்னு என் சம்சாரம் ஒரு வாரமா இந்தப் பக்கமே வரல தம்பி."

அந்த கார்டு போன மத்தவங்களுக்கு போன் பண்ண உக்காந்தேன். அதுக்குள்ள கம்பெனி வாட்ஸ்அப், கஸ்டமர் லிஸ்ட் ரெண்டுல இருந்தும் என்னைத் தூக்கிட்டாங்க. ஒரு நம்பர் கூட கையில இல்ல.

அதான் இங்க எழுதுறேன்.

உங்களுக்குத் தெரிஞ்சு யாராவது அவகாடோ வச்சிருக்காங்களா?

அங்க இப்ப தண்ணி ஓடுதா?