ஒரு சக

வெருகல் கரையில் கணிதம் படிப்பித்த யோகலிங்கத்துக்கு வலது கண் முன்பே போய்விட்டது. 2006 மாசியில் இடதும் சிவந்தது. கிருமி இல்லை, அவருடைய சொந்த வெண்குருதிக் கலங்களே இரத்தக்குழாய்ச் சுவரைத் தாண்டி வந்து கண்ணைத் தாக்குகின்றன என்றார் பட்டினத்துக் கண் டொக்டர்.

"உங்கட கண்ணுக்குள்ளயும் ஆமி ரவுண்டப்போ, அத்தான்?" என்றான் மீன்பிடிக்கும் மைத்துனன் தம்பு.

யோகலிங்கம் சிரிக்கவில்லை. கலம் என்ற சொல் அவரைப் பிடித்துக்கொண்டது. அவர் பிறந்த வீட்டில் கலம் என்றால் தோணி. கொப்பியில் கண்ணை ஒரு துறைமுகமாக வரைந்தார். டொக்டர் எழுதித் தந்த துளிமருந்து வாசலை அடைக்கிறது. உள்ளே நிற்பவை நாளுக்கு இத்தனை என்று வெளியேறினால், எப்போது துறைமுகம் வெறுமையாகும்?

கிளினிக் அட்டையில் டொக்டர் மாதாமாதம் சக என்ற கூட்டல் குறி போட்டிருந்தார். பங்குனியில் நாலு, சித்திரையில் மூன்று, வைகாசியில் இரண்டு, ஆனியில் ஒன்று. நேர்கோடு. அப்படியே போனால் ஆடியில் சைபர்.

ஆனியில் மருந்து கொடுக்குமிடத்தில் மிஞ்சியிருந்தவை இரண்டே போத்தல்கள். இரண்டும் அவருக்கு எழுதியவை. பின்னால் நின்ற கிண்ணியாத் தையற்காரி நஜ்முன் நிஸாவுக்கும் அதே வருத்தம், இரண்டு கண்ணிலும். அவளை அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். யோகலிங்கம் ஒரு போத்தலை அவளிடம் நீட்டினார். டொக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாமே என்று மனைவி தங்கேஸ்வரி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு போத்தல் போதும், கணக்குப் பிழைக்காது என்றார் அவர்.

ஆடியில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டப்பட்டது. போத்தல் முடிந்தது. சைபர் வரவேண்டிய நாளில் காலை வெளிச்சம் கண்ணில் ஊசியாக ஏறியது. ஷெல்லுக்குப் பயந்து சனம் வாகரைப் பக்கம் நடந்தபோது, முன்னால் போன தம்புவின் முதுகு அவருக்குப் புகையாகத் தெரிந்தது. கூடாரத்தில் இருந்த மாதங்களில் அந்தப் புகையும் போனது.

மறுவருட மாசியில்தான் மறுபடி கிளினிக்குக்கு வர முடிந்தது. டொக்டர் விளக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றார். யோகலிங்கம் தன் கணக்கைச் சொன்னார்.

"அது எண்ணிக்கை இல்லை, மாஸ்டர். தரம். ஒரு சக எண்டா ஆறிலயிருந்து பதினைஞ்சு கலம். நாலு சக எண்டா அம்பதுக்கு மேல."

யோகலிங்கம் கதிரையில் இருந்தபடியே மனதுக்குள் மறுபடி போட்டுப் பார்த்தார். அறுபது, நாற்பது, இருபது, பத்து. நாளுக்கு இத்தனை என்று போகவில்லை. நிற்பவற்றில் ஒரு பங்குதான் போயிருக்கிறது. அந்தக் கோடு வளைந்து வளைந்து இறங்கும், அடியைத் தொடாது. பத்துக் கலம் உள்ளே நிற்க, அவரே வாசலைத் திறந்துவிட்டிருக்கிறார்.

கிண்ணியாப் பிள்ளையைப் பற்றிக் கேட்டார். அவள் இப்போதும் தைக்கிறாள் என்றார் டொக்டர்.

வெளியே வாங்கில் காத்திருந்த தங்கேஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"இது அப்பவே தெரிஞ்சிருந்தா, அந்தப் போத்தலைக் குடுத்திருப்பியளோ?"

"இல்லை," என்றார்.

அவள் அவருடைய கையைப் பிடித்து எழுப்பினாள்.