டிராகன் வருஷத்து அண்ணன்

மன்ஹோவுக்கு வாயைவிடக் கை முந்தும். உல்சான் கப்பல் பட்டறையில் அவனும் தோக்சூவும் நானும் ஒரே குழுவில் வெல்டர்கள். ராத்திரி வேலை முடிந்ததும் நேராகத் துறைமுகத்துத் தார்ப்பாய்க் கடைக்குப் போவோம். கண்ணில் தண்ணீர் வரவைக்கும் காரத்தில் புரட்டிய கோழிக்கால், ஆவி பறக்கும் மீன் சாறு, சோஜு சாராயம். கடைக்காரம்மாவை எல்லோரும் சித்தி என்றுதான் கூப்பிடுவோம். அங்கேதான் ஒருநாள் மீன் லாரி டிரைவர் ஒருவன், முன்பின் தெரியாதவன், மன்ஹோவை "நீ" என்று சொல்லிவிட்டான். சோஜு பாட்டில் டிரைவரின் காதோரத்தில் உடைந்தது. "எந்த வருஷம்டா பொறந்த?" என்று மன்ஹோ அதற்கப்புறம்தான் கேட்டான்.

எங்கள் ஊரில் வயசு தெரியாமல் வாயைத் திறக்க முடியாது. ஒரு வருஷம் மூத்தவன் என்றாலும் அண்ணன்தான். அவனுக்கு இரண்டு கையாலும் ஊற்ற வேண்டும். அவன் தொடும்வரை தட்டைத் தொடக்கூடாது. கடைக்குட்டியாக இருப்பவன் கரண்டி எடுத்து வைத்து, கறியைப் புரட்டி, திட்டையும் அறையையும் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு மிருகத்தின் பெயர். மன்ஹோ டிராகன் வருஷத்தில் பிறந்தவன், தோக்சூ அடுத்த பாம்பு வருஷம், நான் அதற்கடுத்த குதிரை. ஆக, நான்தான் கடைக்குட்டி. மன்ஹோவின் அடையாள அட்டையில் என்னவோ வேறு வருஷம் இருந்தது. அநாதை விடுதிக்காரர்கள் தாமதமாகப் பதிந்துவிட்டார்கள் என்று சொன்னான். ஊரில் பலருக்கும் அப்படி நடந்திருந்ததால் நாங்கள் நம்பினோம்.

நம்பி அடியும் வாங்கினோம். ஒற்றைக் கையால் ஊற்றினான் என்பதற்காகத் தோக்சூவின் முன்பல்லைப் பெயர்த்தான். நான் கறியைக் கருகவிட்டதற்குப் பழுக்கக் காய்ந்த இடுக்கியை என் மணிக்கட்டில் வைத்தான், தழும்பு இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்டவனோடு என்ன சகவாசம் என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். ஒரு தடவை மேஸ்திரியின் ஆட்கள் நாலு பேர் கையில் சங்கிலியோடு தோக்சூவை மடக்கினார்கள். தன்னந்தனியாகப் பாய்ந்து நாலு பேரையும் துவைத்துப் போட்டவன் மன்ஹோதான். விலா எலும்பு முறிந்து தரையில் கிடந்தபடியே, "என் தம்பி மேல கைய வச்சுட்டு எவனாவது நடந்து போயிடுவானா?" என்று சிரித்தான். தாய் தகப்பன் யாரென்று தெரியாதவன், கல்யாணமும் இல்லை. எங்கள் இருவரையும் விட்டால் அவனுக்கு நாதியில்லை.

பனி கொட்டிய ஒரு ராத்திரி, பக்கத்து மேஜையில் நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்த ஒருவன் சட்டென்று எழுந்து வந்தான்.

"டேய் மன்ஹோ! நான்தான்டா யோங்பே! நீ செத்துட்டேன்னுல்ல நெனச்சேன்!" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

மன்ஹோவின் கை எழவில்லை. எனக்கு அதுவே அதிசயமாக இருந்தது.

"யாருண்ணே இவரு?" என்று மன்ஹோவைக் கேட்டேன்.

யோங்பே விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணனா? இவனா? விடுதியில ரெண்டு பேரும் ஒரே பாயில படுத்தவங்கப்பா. ரெண்டு பேரும் ஆட்டு வருஷம். இருந்ததுலயே இவன்தான் பொடிப்பய. பெரிய பசங்க தெனமும் போர்வையப் போட்டு மூடி மிதிப்பானுங்க. பாவம், விடிய விடிய அழுவான்."

டிராகன், பாம்பு, குதிரை, அப்புறம்தான் ஆடு. எனக்கே ஒரு வயசு இளையவன். சித்தி கரண்டியும் கையுமாக நின்றுவிட்டாள்.

"ஆட்டு வருஷமாண்ணே?" என்று தோக்சூ மெல்லக் கேட்டான்.

மன்ஹோ மேஜை அடுப்பில் கொதித்த மீன் சாற்றுச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். யோங்பே எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு மெதுவாக நழுவினான்.

தோக்சூ மேஜையைக் கவிழ்த்தான். கொதிக்கும் சாறு மன்ஹோவின் மடியில் கொட்டியது. அவன் எழுவதற்குள் மூக்கில் குத்து விழுந்தது. எலும்பு நொறுங்கியது எனக்கே கேட்டது. "ரெண்டு வயசு சின்னப் பயகிட்டயாடா நான் பல்லைக் குடுத்தேன்?" ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குத்து. நானும் சும்மா இருக்கவில்லை. ஆத்திரம் கண்ணை மறைத்தது என்றெல்லாம் பூசி மெழுக மாட்டேன், நிதானமாக இடம் பார்த்துத்தான் விலாவில் உதைத்தேன். நாலு பேரைத் துவைத்தவன் எங்களுக்கு எதிராக ஒரு விரலைக்கூடத் தூக்கவில்லை. "செத்துடப் போறான்டா, பாவிங்களா!" என்று சித்தி விறகுக்கட்டையால் எங்கள் முதுகில் சாத்திய பிறகுதான் நிறுத்தினோம்.

மன்ஹோ தட்டுத்தடுமாறி எழுந்து மண்டியிட்டான். முகம் அடையாளம் தெரியவில்லை.

"அடிங்கண்ணே," என்றான். அவன் யாரையும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "எங்க போனாலும் கடைக்குட்டியத்தான் மிதிக்கிறாங்க. அதான் பொய் சொன்னேன். எவ்வளவு வேணா அடிங்க. நாளைக்கு வராதேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

தோக்சூவுக்கு மூச்சு வாங்கியது. கை முட்டியில் இருந்த ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"வா. வராம எங்க போவ? இனிமே நீதானே கடைக்குட்டி. எங்களுக்கு முன்னாடி வந்து கரண்டிய எடுத்து வை."

மறுநாள் நாங்கள் போனபோது அவன் வந்திருந்தான். ஒரு கண் முழுசாக மூடி வீங்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்து வணங்கினான். எனக்குப் பரம திருப்தி. "டேய் டிராகன், தண்ணி எங்கடா?" என்றேன். ஓடிப்போய் எடுத்து வந்தான். சித்திகூடச் சிரித்துவிட்டாள். தோக்சூவுக்குக் கோபமெல்லாம் வடிந்திருந்தது. மன்ஹோவின் கோப்பை காலியாக இருப்பதைப் பார்த்து, ஊற்றுவதற்காகப் பாட்டிலை எடுத்து மேஜைக்கு மேலே கையை நீட்டினான்.

மன்ஹோ இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் சுருண்டான்.

"ஊத்தத்தான்டா எடுத்தேன்," என்றான் தோக்சூ. குனிந்து, கெஞ்சுவது மாதிரி மறுபடியும் சொன்னான். "தம்பி, ஊத்தத்தான்டா."

அவன் வெளியே வரவில்லை.