கொண்டைக்கடலை இலையும் இருபத்தாறு கட்டைவிரல்களும்

உங்களுக்குத் தெரியும், பேராசிரியரே. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

வாரா வாரம் என்னைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த வாரம் நான் பேசுவது எங்கள் அபார்ட்மென்ட் மூன்றாம் மாடிக்காரரோடு. இணையத்தில் மனிதர்கள் கூட்டமாக எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்பவர். தமிழர்தான். அவர் வீட்டிலும் இந்தப் பத்தியைப் படிக்கிறார்கள். பெயரை நான் போடவில்லை. அவரே போட்டுக்கொள்ளட்டும்.

போன ஞாயிறு மதியம். ஏர்போர்ட்டை ஒட்டிய எங்கள் விமான் நகரில் ஜனவரி வெயில் சுடாது, தூக்கம்தான் வரும். காய்கறிப் பையோடு லிஃப்டில் ஏறினேன். உள்ளே மாரீஸ்வரி. கோவில்பட்டிப் பெண். ஐந்தாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். ஊரின் அந்தக் கோடியில் ஒரு லேபில் பிஹெச்.டி. செய்கிறாள். கையில் தெர்மாகோல் பெட்டி. மூடி இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை வழிந்தது. அது மேலே போகவில்லை... கீழே இறங்கி எங்கள் செருப்புகளை மூடியது. லிஃப்ட் கிளம்பியதும், மேகத்தில் நின்றுகொண்டு மேலே போவது போல இருந்தது, எங்கள் மூவருக்கும்.

ஆமாம், மூவர். பேராசிரியரும் இருந்தார்.

“என்னம்மா, சாமி புறப்பாடா?” என்று சிரித்தார்.

“டிரை ஐஸ் சார். உள்ள கொண்டைக்கடலை இலையில இருந்து எடுத்த ஆர்.என்.ஏ. ஆறு மணிக்கு ஏர்போர்ட் கார்கோல குடுக்கணும், ஹைதராபாத்துக்கு. அதுக்குள்ள ரெண்டு வாய் சாப்பிட்டுப் போயிருவோம்னு வந்தேன்.”

“வெரி குட்” என்று சொல்லிவிட்டு மூன்றாம் மாடியில் இறங்கினார். கதவு திறந்தபோது வெளியே நின்ற ஒருவர் புகையை வீடியோ எடுத்தார். இந்தியில் என்ன என்று கேட்டார். மாரி அவரிடமும் ஆர்.என்.ஏ. என்று சொன்னாள். எதற்கு மறைக்க வேண்டும்?

நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தேன். கனவிலும் அதே லிஃப்ட். ஏழாம் மாடியோடு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. பக்கத்து லோஹேகாவ் ஏர்போர்ட்டில் இறங்குகிற விமானங்கள் எங்கள் காலுக்குக் கீழே பறக்கின்றன. நடுவில் போன் டிங் டிங் என்றது. பாதிக் கண்ணால் பார்த்தேன். அபார்ட்மென்ட் சொசைட்டியின் வாட்ஸ்அப் குரூப். நீளமாக ஏதோ இந்தியில். அடியில் வரிசையாகக் கட்டைவிரல்கள். தண்ணீர் டேங்க் கழுவுகிற விஷயமாக இருக்கும் என்று நானும் ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தேன்.

கூச்சல் கேட்டுத்தான் எழுந்தேன். பால்கனிக்கு வந்தால்... கேட்டில் ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. நிஜ மேகம். வாட்ச்மேன் நாற்காலி, ஸ்கூட்டர்கள், செம்பருத்திச் செடி எல்லாம் அதற்குள். மாலை வெயில் பட்டு ஓரமெல்லாம் மஞ்சள். அதற்குள்ளிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக ஓடி வெளியே வந்தார்கள். கனவு இன்னும் முடியவில்லை என்றே நினைத்தேன். ரசித்துக்கொண்டு நின்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது — அவ்வளவு அழகாக இருந்தது.

மேகம் கலைந்தது. நடுவில் மாரி தரையில் உட்கார்ந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். ‘லிஃப்டில் என்ன கெமிக்கல்?’ என்று குரூப்பில் ஒருவர் வீடியோவைப் போட்டார். ‘ஆர்.என்.ஏ. என்றால் வைரஸ்தானே?’ என்றார் இன்னொருவர். நாலரைக்குள் ‘நம் கட்டடத்தில் வைரஸ் பெட்டி’ ஆகிவிட்டது. பெட்டியை உடனே வெளியேற்றலாமா என்று செக்ரட்டரி கேட்டார். இருபத்தாறு கட்டைவிரல்கள். அவர் மாரியின் கதவைத் தட்டி, “ரிஸ்க் நகோ” — ரிஸ்க் வேண்டாம் — என்று பெட்டியோடு கீழே வரச் சொன்னார். கேட்டில் திறந்து காட்டச் சொன்னார். திறந்தாள். புகை வந்தது. புகை வந்தால் என்ன செய்வார்கள்? ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டச் சொன்னார். டிரை ஐஸில் தண்ணீர் பட்டால் மேகம்தான், ஐஸ் மிஞ்சாது.

குரூப்பில் மாரி பதில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். வாடகைக்கு இருப்பவர்களை எங்கள் குரூப்பில் சேர்ப்பதில்லை. பெட்டிக்குள் இருப்பது கொண்டைக்கடலை இலைச் சரக்கு என்று தெரிந்து, குரூப்பிலும் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான், தூங்கிக்கொண்டிருந்தேன்.

அவளை வீட்டுக்கு அழைத்து வந்து டீ கொடுத்தேன். ஆர்.என்.ஏ. இருந்த சின்னக் குழாய்களைப் பொறுக்கி ஒரு டிபன் டப்பாவில் வைத்திருந்தாள்.

“மறுபடி ஐஸ்ல வெச்சா ஆகாதா மாரி?”

“உருகிருச்சுல்ல ஆன்ட்டி. இனிமே நம்ப முடியாது. ஆர்.என்.ஏ.ங்கிறது செல்லு தனக்குத் தானே எழுதிக்கிற சீட்டு மாதிரி. வேலை முடிஞ்சதும் கிழிச்சுப் போட்டுரும். நம்ம விரல் பட்டாலே போச்சு. வேர்வையிலயே அதை வெட்டுற சரக்கு இருக்கு.”

“அந்தச் சீட்டுல என்னடி இருக்கு?”

“தண்ணி இல்லாம வாடும்போது செடி என்ன சொல்லுதுன்னு இருக்கும். பூக்கிற நேரத்து இலை. இனி அடுத்த வருஷம்தான்.”

டீயை அவள் குடிக்கவில்லை.

செல் தன் சீட்டை வேலை முடிந்ததும் கிழித்துவிடுகிறது. நாம்? படிக்காமலே அனுப்புகிறோம். கிழிப்பதே இல்லை.

நேரே மூன்றாம் மாடிக்குப் போனேன். பேராசிரியர் பால்கனியிலிருந்துதான் வந்தார். கையில் போன்.

“சார், பெட்டியில என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும் மேடம்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“குரூப்ல நான் அப்சர்வர். போன வருஷமே எல்லார்கிட்டயும் அனுமதி வாங்கினேனே? ஒரு வதந்தி எப்படிப் பரவுதுன்னு பாக்குறப்போ நான் உள்ள பேசினா டேட்டா கெட்டுடும்.”

“அவ டேட்டா கெட்டுப்போச்சே சார்!”

“அது வேற விஷயம். கவலைப்படாதீங்க, பேப்பர்ல யார் பேரும் வராது. உங்க பேரும் வராது.”

“என் பேரு எதுக்கு வரணும்?”

போனைத் தள்ளிக் காட்டினார். “நாலு முப்பத்தெட்டு. நீங்களும் கட்டைவிரல் போட்டிருக்கீங்க மேடம்.”

போனை வாங்கிப் பார்த்தேன். என் கட்டைவிரல்தான்.

அன்று மாலையே குரூப்பில் எழுதினேன். அது வைரஸ் இல்லை, கொண்டைக்கடலை, நான் படிக்காமல் கட்டைவிரல் போட்டேன், தப்பு என்று. ‘மேடம், உங்களுக்கு சயின்ஸ் தெரியுமா?’ என்று ஒரே ஒரு பதில் வந்தது. மாரியின் வீட்டு ஓனர் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். ‘வைரஸ் பெட்டி’ குரூப்பில் இன்னும் அப்படியே இருக்கிறது. நான் சொன்னால் நம்ப மாட்டார்கள். பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டவர் நான்கு வரி எழுதினால் நம்புவார்கள். அவள் அந்த வீட்டில் இருப்பாள்.

இதை எழுதட்டுமா என்று மாரியிடம் கேட்டேன். “பேரப் போட்டே எழுதுங்க ஆன்ட்டி” என்றாள்.

என் கட்டைவிரலுக்கு இங்கே, என் பெயரோடு, பதில் சொல்லிவிட்டேன். இனி உங்கள் முறை, பேராசிரியரே. அந்தப் பெட்டியில் என்ன இருந்தது? அது உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்? பேப்பரில் வேண்டாம். குரூப்பில் எழுதுங்கள். எல்லோரும் பார்க்க.