பொன்முடி இறக்கமும் பின் சக்கரத்து டிஸ்க்கும்

2008 ஜனவரி இறுதி. மலையாளக் கணக்கில் கொல்லம் ஆண்டு 1183, மகர மாதம். வலியசாலை வீட்டில் தனியாக இருக்கிறேன். துபாய் போன மகன் தன் ஸ்போர்ட்ஸ் பைக்கை என்னிடம் விட்டுப்போயிருந்தான். எடையைக் குறைக்க அதன் பின் சக்கரத்தில் துளைகள் நிறைந்த மெல்லிய பிரேக் டிஸ்க் மாட்டியிருந்தான்.

பேச ஆளில்லாத வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஒரு ஞாயிறு பொன்முடி மலைக்குப் போனேன். இறங்கும்போது வழி முழுக்கக் கால் பிரேக்கை மிதித்தபடியே வந்தேன். ஒரு கொண்டையூசி வளைவில் பெடல் தொய்ந்து அடிவரை போயிற்று, வண்டி நிற்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம். மறுபக்கத் தேயிலைச் செடிகளுக்குள் திருப்பி விழுந்தேன். முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. டிஸ்க் சூட்டில் நீலம் பூத்திருந்தது.

மாலையில் மகனுக்குப் போன் செய்தேன்.

“அந்த டிஸ்க் அவ்வளவு சூடு தாங்காதுப்பா. முன் பிரேக்கைத் தொடவே இல்லையா நீங்க?”

“ஸ்கூட்டர் காலத்துப் பழக்கம்டா. அதைப் பிடிச்சா உங்கம்மா வந்து என் முதுகுல இடிச்சுக்குவா. அப்புறம் வீடு வரைக்கும் திட்டுதான்.”

“இப்போ பின்னாடி யாரும் இல்லையேப்பா” என்றான்.

இப்போது இறக்கங்களில் கியரைக் குறைத்து, முன் பிரேக்கைத்தான் முதலில் பிடிக்கிறேன். பிடிக்கும்போதெல்லாம் முதுகு ஒரு கணம் அந்த இடிக்காகக் காத்திருக்கிறது.